ஒரு முனையில் மட்டும் எர்த்

முத்தையன்கட்டு, வலதுகரை.
ஆனைவேலி செக்கனுக்கு ஒருக்கால் டிக் என்கிறது.
மருந்தடிக்கிற ட்ரோனும்
செக்கனுக்கு ஒருக்கால் தலையை வெட்டுகிறது,
விக்கல் எடுத்த பிள்ளைமாதிரி.

"விசர் பிடிச்சிட்டுது," என்றார் கெங்காதரன்.
கமக்காரர் சங்கம் கடன்பட்டு வாங்கிய மெஷின்:
பத்து லீட்டர் தாங்கி, ஆறு விசிறி.
விசர் இல்லை.
வேலி கதைக்கிறது, வயர்கள் கேட்கின்றன.
நீட்டி விட்ட எந்தக் கம்பியும்
ஒரு காதுதான்.

லான்ட்மாஸ்டர் பெட்டியில் படங்கு விரித்துக்
கழற்றினேன்.
தேவைக்கு மிஞ்சிய நீளங்களை வெட்டினேன்.
போகிற வயரையும் வருகிற வயரையும்
சடையாக முறுக்கினேன்:
ஒன்றில் ஏறுகிற பொய்
மற்றதிலும் அதே அளவு ஏறும்,
கழித்துப் பார்த்தால் பூச்சியம்.
செத்த ரீவியில் இருந்து எடுத்த
கறுப்பு ஃபெரைட் வளையம் ஒன்று,
பற்றரி வயருக்குத் தாலிபோல.

மூளைப் பெட்டிக்குச் செம்புத் தகடு சுற்றினேன்.
மூடி ஓரத்தில் மயிரளவு நீக்கல்.
எறும்பு நுழையாது, அலை நுழையும்.
அலைக்கு வெடிப்பின் அகலம் பொருட்டில்லை,
நீளந்தான் கணக்கு.
ஒரு சாண் வெடிப்புக்கு ஏழு திருகாணி.

"ஆகாயத்தில நிக்கிற சாமானுக்கு
எர்த் எங்க அக்கா புதைக்கிறது?"
கீர்த்திகன் சிரித்தான். ஓட்டுகிறவன் அவன்.
என் வாயில் திருகாணிகள்.
பதில் சொல்லவில்லை.
பறப்பதற்கு அதன் உடம்புதான் நிலம்,
காவிக்கொண்டுதான் போகவேணும்.
கவசப் பின்னலை
அந்த நிலத்தில் ஒரு முனை மட்டும் கட்டினேன்.
இரண்டு முனையும் கட்டினால் வளையமாகிவிடும்.
அதற்குள் இரைச்சல் குடியிருக்கும்.

ஏற்றினோம்.
வேலி டிக் என்றது.
ட்ரோன் ஆடவில்லை, ஒரு மயிரிழைகூட.
கீர்த்திகன் விசிலடித்தான்.
கெங்காதரன் மட்டும் நிமிரவில்லை.
மேலே இரைச்சல் கேட்டால்
அவருடைய கண் இன்னும் கீழேதான் இடம் தேடும்.
வண்டு என்று சொல்லுவோம் அப்போது,
பார்த்துக்கொண்டு நின்று போகும்,
பிறகு மற்றது வரும்.
அந்த இரைச்சலை மறிக்க
என்னிடம் செம்பு இல்லை.

மூன்றாம் வயல் மூலையில்
மருந்து நிரப்ப இறக்கினோம்.
திரும்ப ஏறமாட்டேன் என்றது.
திசைகாட்டி பிழை.
வடக்கைக் கிழக்கு என்று சாதித்தது.
வேலிக்குக் கரண்டை நிற்பாட்டினோம்.
ஃபோன்களைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டோம்.
கீர்த்திகன் பெல்ட்டைக் கழற்றி எறிந்தான்.
ஏழு திருகாணியும் கழற்றினேன்,
ஏழும் பூட்டினேன்.
இருபது அடி தள்ளி வைத்தால் வடக்கு வடக்குத்தான்.
மூலைக்குக் கொண்டுவந்தால்
மறுபடி கிழக்கு.

கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.
செம்பு, ஓடுகிற அலையை மறிக்கும்.
கிடக்கிற இரும்பை மறிக்காது.

"அதில ஒரு ட்ரக்டர் நிண்டது,
பெட்டியோட," என்றார் கெங்காதரன்.
"நாங்கள் முகாமால வரேக்க
நிலம் நிரவிக் கிடந்தது."
வெடி பார்த்துத் தந்த காணி.
ஒரு முழத்துக்குக் கீழே
ஆரும் பார்க்கவில்லை.
ஆருடைய ட்ரக்டர் என்று நான் கேட்கவில்லை.
பெட்டி வெறுமையா என்று கீர்த்திகன் கேட்கவில்லை.
அவன் அந்த வருஷம் ஐந்து வயது.

திரையில் வரைபடம் திறந்து
மூலையைச் சுற்றி வட்டம் கீறினேன், பறக்கத் தடை.
காரணம் தெரிவு செய்க என்றது:
கோபுரம். உயர்மின் கம்பி. விமான நிலையம். மற்றவை.
கன நேரம் விரல் நின்றது.
மற்றவை.

பொழுது சாயமுன் மிச்ச வயல் முழுக்க
நேர்கோட்டில் அடித்து முடித்தது,
வேலிக்கு மறுபடி கரண்ட் கொடுத்த பிறகும்.
கெங்காதரன் அந்த மூலைக்குக்
கைப்பம்பியோடு போனார்.
செருப்பைக் கழற்றி
வரம்பில் சோடியாக வைத்துவிட்டு
இறங்கினார்.